நாற்பது கிலோ குறைவு

உப்பாற்று விலக்கு எடைமேடையில் இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டு எழுதும் வேல்கனி என்கிற நான், ஒரே ஒரு தடவை தவிர எவருக்கும் எந்த எடையையும் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. அந்தக் கர்வத்தில்தான் நாலு பேரைப் பிரித்தேன். பிரிக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

அந்த நாலு பேரை முதலில் சொல்லிவிடுகிறேன். சொரிமுத்தும் கொம்பையாவும் அண்ணன் தம்பி, உப்பளத்தில் சுமை தூக்குகிறவர்கள். பொன்னுத்தாய் சொரிமுத்தின் மனைவி. இசக்கி அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் பிறந்தவள், கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவள். கோயில் கொடைத் திருவிழாவில் தீச்சட்டியை யார் முதலில் எடுப்பது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் வந்த வாய்ச்சண்டை ஆறு வருஷப் பகையாக வளர்ந்து, ஒருவர் தெருவின் தெற்கு முனையில் தலைகாட்டினால் மற்றவர் வடக்கு முனையிலேயே திரும்பிப் போகும் அளவுக்கு முற்றியிருந்தது. கிட்டே வர வர வெறுப்பும் கூடும். பஞ்சாயத்து பேச இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள், பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. பெண்கள் இருவரும் அப்படி இல்லை. அவர்களுக்கு யாரோடும் பகை கிடையாது, யார் பக்கமும் சாய்வு கிடையாது, இரண்டு அடுப்பிலும் போய் உட்காருவார்கள்.

அப்படி இருக்கையில் அந்த வருஷப் புயலில் கடல் உப்பளத்துக்குள் நடந்து வந்தது. எல்லாரும் ஓடிவிட்டார்கள், உப்பைச் சேர்த்துவைக்கிற கிட்டங்கிக்குள் தார்ப்பாய் மூடப்போன இந்த நாலு பேர் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் கதவைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்து, கிழக்கு மூலையில் நின்ற சொரிமுத்தையும் மேற்கு மூலையில் நின்ற கொம்பையாவையும் பெண்கள் இருவரையும் வாரி எடுத்து, நடுவில் இருந்த ஒற்றைக் கல்தூணோடு வைத்து அழுத்தியது, இரண்டு நாள் விடாமல் அழுத்தியது, அவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளத் தள்ள அது அதைவிடப் பலமாக அழுத்தியது. மூன்றாம் நாள் காலையில், எங்களுக்கு மேற்கே இருந்த கிட்டங்கிக்குள்ளிருந்து சூரியனை மிஞ்சிய ஒரு வெளிச்சம் வந்தது. சூரியன் கிழக்கே இருந்தபோதே எங்கள் நிழல்களும் கிழக்கே விழுந்தன. முட்டளவு நின்ற தண்ணீர் குளிக்கிற சூட்டுக்கு வந்தது. புயலில் நனைந்த பாயும் தலையணையும் ஊர் முழுக்க அந்த ஒரு வெளிச்சத்தில் காய்ந்துவிட்டன. அதற்காக ஒரு வாரம் நன்றியோடு பேசினார்கள், பிறகு நிவாரண அரிசி வந்தது, அதைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

நாலு பேரும் வெளியே வந்தார்கள். வந்ததிலிருந்து பிரியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தார்கள், ஒரே வரிசையில் நடந்தார்கள், ஒரே லாரிக்குப் பாரம் ஏற்றினார்கள். அதற்காகப் பகை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அண்ணன் தம்பிக்குள் அப்போதும் ஒரு வார்த்தை பேச்சு இல்லை, முகம் பார்த்தது இல்லை. ஆனால் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணி நாலு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான், சிவப்புத் துணி. உப்புப் பெட்டியை இறக்கியவர் அதை அடுத்தவருக்கு வீசுவார், அவர் பிடித்துத் தலையில் வைத்துச் சுமந்து இறக்கி அடுத்தவருக்கு வீசுவார், காலையிலிருந்து சாயங்காலம்வரை அது ஒருவர் கையிலும் நிற்காது, தரையிலும் விழாது. சொரிமுத்து வீசுவதைக் கொம்பையா திரும்பிப் பார்க்காமலே பிடிப்பார். ஒன்பது வருஷம் இப்படிப் போனது.

பிறகு நெடுஞ்சாலையில் புதுக் கிட்டங்கி கட்டினார்கள். உப்பை ஏற்றியவர்களே அங்கே போய் இறக்கவும் வேண்டும் என்றானது. லோடு மேல் உட்கார்ந்தபடியே நாலு பேரும் என் எடைமேடைக்கு வந்தார்கள். ஆட்கள் இறங்கின பிறகுதான் எடை போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து பெண்கள் இறங்கி ஏற முடியுமா என்று நானே ஒரு வழக்கம் வைத்திருந்தேன்: ஆளுக்கு ஐம்பத்தைந்து கிலோ வீதம் கழித்துவிடுவேன். நாலு பேருக்கு இருநூற்றிருபது. ஊரில் எல்லாரும் அதை என் பெரிய மனசு என்று சொன்னார்கள், நானும் இல்லை என்று மறுத்ததில்லை.

புதுக் கிட்டங்கியில் நிறுத்துப் பார்க்கிற மரியதாசன் என்னிடம் வந்து, என் சீட்டில் இருப்பதைவிட ஒவ்வொரு லோடிலும் நாற்பது கிலோ உப்பு கூடுதலாக வருகிறது என்று சொன்னார். உன் மேடைக்குக் கண் கெட்டுவிட்டது என்றும் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அளவுக் கற்களை வரவழைத்து ஏற்றிப் பார்த்தேன். மேடை சரியாகத்தான் இருந்தது. ஐந்து கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது, அதற்கு மேலே அது தப்பியதே இல்லை. கடைசியில் நாலு பேரையும் இறக்கித் தனித்தனியாக நிற்க வைத்தேன். சொரிமுத்து அறுபது, கொம்பையா அறுபது, பொன்னுத்தாய் ஐம்பது, இசக்கி ஐம்பது. கூட்டினால் இருநூற்றிருபது. சேர்த்து நிற்க வைத்தேன். எடை காட்டும் பலகையில் சிவப்பு எழுத்தில் நூற்றெண்பது என்று வந்தது.

ஊர் இதை ஒரு நாளில் ஏற்றுக்கொண்டது. மறுநாளே சோடி சோடியாக எடைமேடைக்கு வந்தார்கள். பெண் பார்த்த கையோடு மாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிவந்து நிறுத்துப் பார்த்தார்கள். முப்பது வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்கள் ஏறி, கூட்டின கணக்கு அப்படியே வந்ததும் முகம் சுருங்கி, ஐந்து கிலோவுக்குக் கீழேதான் உன் மேடைக்குக் கண் தெரியாதே என்று என்னைத் திட்டிவிட்டு இறங்கினார்கள். ஒரு கட்சியின் கிளைக் கழகம் மொத்தமாக ஏறியது, தனித்தனியாகக் கூட்டியதைவிட இருபது கிலோ அதிகம் காட்டியது, தலைவர் அதை எழுதித் தரச் சொன்னார், நான் எழுதிக் கொடுத்தேன். லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் இன்றைக்குக் குற்றத்தில்தான் சேர்க்கிறேன்.

பேருந்து வரும்வரை என் அறையில் வந்து உட்காருகிற ஹில்டா டீச்சர், மேல்நிலைப்பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவர், இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. அணுவின் நடுவில் இருக்கிற கருவும் இப்படித்தான் என்றார். ஹீலியம் என்ற வாயுவின் கருவில் நாலே நாலு பேர். அதில் இரண்டு பேர் ஒரே மின்சாரக் குணம் உள்ளவர்கள், ஒருவரை ஒருவர் தள்ளுவார்கள், மற்ற இரண்டு பேர் யாரையும் தள்ளாதவர்கள். நியாயப்படி பார்த்தால் அது அந்த நொடியே சிதறிப் போக வேண்டும். அப்புறம் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டேன். அந்தத் தள்ளலைவிடப் பல மடங்கு பலமான ஒரு பிடிப்பு உண்டு, ஆனால் அதற்குக் கை குட்டை, பக்கத்தில் ஒட்டி நிற்கிறவரைத்தான் அதனால் பிடிக்க முடியும் என்றார். அந்தத் தூரத்துக்கு வரும்வரை தள்ளல்தான், வந்துவிட்டால் பிடிதான். யாரையும் தள்ளாத அந்த இரண்டு பேர் தள்ளலைக் கூட்டாமல் பிடியை மட்டும் கூட்டுகிறார்கள். அதற்குள்ளேயும் அவர்கள் ஏதோ ஒன்றை ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றி வீசிக்கொண்டே இருப்பதாகச் சொல்லலாம் என்று சொல்லிவிட்டுச் சிவப்புத் துணியைப் பார்த்துச் சிரித்தார்.

எடை எங்கே போனது என்றுதான் எனக்குக் கவலை. டீச்சர் அதையும் சொன்னார். நாலும் ஒட்டும்போது கொஞ்சம் எடை வெளிச்சமாகவும் சூடாகவும் வெளியே போய்விடுமாம், அணுவில் அது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லையாம், சூரியன் எரிவதே அதனால்தானாம்.

"போன எடைதான்க்கா அவங்களைக் கட்டி வச்சிருக்கு. அதை யாராவது திருப்பிக் குடுத்தாத்தான் பிரிக்க முடியும். குடுக்காதவரைக்கும் ஒண்ணும் ஆவாது," என்றார்.

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. பேருந்து வந்தது, அவர் போய்விட்டார். என் காது அதில் திருப்பிக் கொடுப்பது என்கிற ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது.

இருநூற்றிருபதுக்குப் பதிலாக நூற்றெண்பதைக் கழித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பேனாவை ஒரு தடவை அசைத்தால் போதும். என்னால் முடியவில்லை. நாலு முழு மனிதர்கள் நூற்றெண்பது கிலோ என்று என் கையால் எழுதுவது எனக்குப் பொய்யாகப் பட்டது. வேறு சுமைகாரர்களும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள், குறைகிற நாற்பதில் யாருடையது எவ்வளவு என்று. சொரிமுத்துதான் அதிகம் விட்டுக்கொடுத்திருப்பார், மூத்தவர் அல்லவா என்று ஒரு கட்சி. கொம்பையா உடம்புதான் இளைத்திருக்கிறது என்று இன்னொரு கட்சி. நாலு பேர் காதிலும் இது விழுந்தது. அதுவரை இப்படி ஒன்று குறைகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. சொன்னது நான்தான், அதுவும் ஊர் கேட்கச் சொன்னேன்.

அந்த வாரம் மரியதாசன் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் அறை வாசலில் போட்டார். சீட்டில் இல்லாத உப்பை என் கிட்டங்கியில் வைத்துக்கொள்ள மாட்டேன், உன் மேடையில் விட்டுப்போனதை நீயே வைத்துக்கொள் என்றார். நிறுத்துப் பார்த்தேன், சரியாக நாற்பது கிலோ. அங்கே நாற்பது கூடுகிறது, இங்கே நாற்பது குறைகிறது. எடை எழுதிப் பழகிய கைக்கு அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்கத் தெரியாது. மூட்டையைப் பிரித்துப் பத்துப் பத்துக் கிலோவாக நாலு பையில் கட்டினேன். சாயங்காலம் நாலு பேரும் வந்தபோது ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தேன்.

"உங்ககிட்ட இருந்து போனது. வாங்கிக்கிடுங்க," என்றேன்.

பொன்னுத்தாய் மட்டும் பையைத் தூக்கிப் பார்த்தாள். எதுக்குக்கா இதெல்லாம் என்று கேட்டாள். நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா என்று சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த உப்பைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். வாழ்நாளில் முதல்முறையாக நாலு சட்டியில் வைத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவரவர் உப்பு அவரவர் சட்டியில்.

மறுநாள் காலை உப்பளத்தில் எப்போதும்போல லாரிக்குப் பலகை சாய்த்து, தலையில் பெட்டியோடு நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். ஒன்பது வருஷமாக அவர்கள் நாலு பேரையும் தாங்கிய பலகை, அவர்கள் எடைக்கு வளைந்து பழகியது. நடுவில் போனபோது இத்தனை வருஷம் வெளியே இருந்த நாற்பது கிலோவும் ஒன்றாகத் திரும்பி வந்தது. பலகை முறிந்தது. மற்ற மூன்று பேரும் உப்புக் குவியலில் விழுந்தார்கள். இசக்கி லாரிச் சக்கரத்தின்மேல் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்த சத்தம் பத்துப் பாத்திக்கு அப்பால் கேட்டதாம்.

அப்போதுதான் அண்ணனும் தம்பியும் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். நீ தின்ற உப்புதான் பலகையை முறித்தது என்று அவர் இவரைச் சொன்னார், இவர் அவரைச் சொன்னார். நடுவில் படுத்துக் கிடந்தவளை இருவரும் சேர்ந்து தூக்கக்கூட முடியவில்லை. ஒருவர் குனிந்தால் மற்றவர் பின்னால் தள்ளப்பட்டார். ஒரு வாரத்தில் சொரிமுத்து பொன்னுத்தாயைக் கூட்டிக்கொண்டு மரக்காணத்து உப்பளத்துக்குப் போய்விட்டார். கொம்பையா வேதாரண்யத்துக்குப் போனார். சிவப்புத் துணி பாத்தி வரப்பில் கிடந்தது. அது தரையில் கிடந்து பார்த்தது அன்றைக்குத்தான். நான் போய் எடுத்துவந்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

மறுபடி சேர்க்க வழி உண்டா என்று டீச்சரிடம் கேட்டேன். மறுபடி கடல் வந்து அழுத்தணும்க்கா என்று மட்டும் சொன்னார். என்னைக் குறைசொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் எதைக் கேட்டு எதை விட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு என் அறைக்குள் வராமல் வெளியே நின்றே பேருந்துக்குக் காத்திருந்தார்.

ஊர் என்னைக் கேள்வி கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். பலகை மக்கிப்போயிருந்தது என்று பேசி முடித்துவிட்டார்கள், புதுப் பலகை வந்தது, வேறு நாலு பேர் வந்தார்கள், அவர்கள் ஏறி நின்றால் இருநூற்றிருபது காட்டியது, என் சீட்டும் மரியதாசன் கிட்டங்கியும் கொஞ்சமும் பிசகாமல் ஒத்துப்போயின. சரியாக இருப்பதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இசக்கி ஆறு மாதம் படுக்கையில் இருந்தாள், பிறகு கம்பு ஊன்றி நடந்தாள். நான் தினமும் சோறு கொண்டுபோவேன், வாசலில் வைத்துவிட்டு வேலை இருப்பதுபோல் திரும்பி வந்துவிடுவேன். ஒரு வருஷம் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஒருநாள் லாரிகள் சாப்பாட்டுக்கு நிற்கிற மத்தியான நேரத்தில் அவளே கம்பை ஊன்றி எடைமேடைக்கு வந்தாள். மேடையின் நடுத்தகட்டில் போய் உட்கார்ந்தாள். கம்பை அப்பால் போட்டாள். எடைப் பலகையில் ஐம்பது என்று வந்தது.

"எழுந்திருக்க முடியல. வந்து தூக்குக்கா," என்றாள்.

இழுப்பறையிலிருந்த துணியை எடுத்துக்கொண்டு போனேன். தூக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். திருப்பிக் கொடுத்தால் பிரிந்துவிடுவீர்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தும் கொடுத்தேன் என்று சொன்னேன். உங்கள் நன்மைக்காகச் செய்யவில்லை, என் சீட்டு சரியாக இருக்க வேண்டும் என்று செய்தேன், உன் இடுப்பை ஒடித்தது நான்தான் என்று சொன்னேன். அழுகை வந்தது, ஆனால் அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டிவருமே என்று அடக்கிக்கொண்டேன்.

இசக்கி சாலையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "நீ குடுத்த, சரி. நாங்க அதைக் கடல்ல கொட்டிட்டு வந்திருக்கலாம்லா? ஒருத்தரும் கொட்டல. ஆளாளுக்குத் தனியா ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதும் ஆசையாத்தான் இருந்துச்சு. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு."

"மன்னிச்சிரு இசக்கி."

"அதெல்லாம் எனக்கு வராது," என்றாள். "நாளைக்குச் சோத்தை வாசல்ல வச்சிட்டு ஓடாம உள்ள வந்து வையி."

என் மடியில் இருந்த துணியை அப்போதுதான் பார்த்தாள். கையை நீட்டவில்லை, உள்ளங்கையை மட்டும் விரித்தாள். நான் வீசினேன். பிடித்தாள். கொஞ்ச நேரம் மூக்கில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி வீசினாள். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை, தரையில் விழப் போனதை மார்போடு அணைத்துப் பிடித்தேன். மறுபடி வீசினேன். அவள் மறுபடி வீசினாள். எங்களுக்கு அடியில் இருந்த தகடு கொஞ்சம் சுட்டது. மத்தியான வெயிலாகவும் இருக்கலாம்.

நான் அறுபத்தைந்து கிலோ. அது எனக்கு நன்றாகத் தெரியும். இசக்கி ஐம்பது, சற்றுமுன்தான் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் இருந்த பலகையில் சிவப்பு எழுத்து கொஞ்ச நேரம் தடுமாறி ஒரு இடத்தில் நின்றது. நூற்றுப் பத்து.

இசக்கியால் இடுப்பைத் திருப்ப முடியாது.

"எவ்வளவுக்கா காட்டுது?" என்று கேட்டாள்.

"நூத்திப் பதினஞ்சு," என்றேன். "சரியா இருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் மாற்றிச் சொன்ன எடை அது ஒன்றுதான். துணியை அவளுக்கு வீசினேன்.